கடை எரிந்தும் கோயிலை விடாத நாராயண பிள்ளை

சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் சாலை வழியாகப் போகிறவர்கள் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரத்தை ஒருமுறையாவது நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலையில் அங்கே கைகூப்பி நிற்பவர்களில் எத்தனை பேர் கடனோடும், வீட்டுச் சண்டையோடும், தாங்களே செய்துவிட்ட தவற்றின் பாரத்தோடும் வந்திருப்பார்களோ தெரியாது. அந்தக் கோயிலை அமைத்தவரும் ஒரு காலத்தில் கடன்பட்டு நின்றவர்தான்.

நாராயண பிள்ளை 1819 மே மாதம் பினாங்கிலிருந்து ராஃபிள்சுடன் ‘இந்தியானா’ கப்பலில் சிங்கப்பூர் வந்தார். கருவூலத்தில் நல்ல காசையும் கள்ளக் காசையும் பிரிக்கும் வேலை கிடைத்தது. அது நிலைக்கவில்லை. ஊர் வளர்ந்தால் வீடு கட்டச் செங்கல் வேண்டுமே என்று சூளை தொடங்கினார். பினாங்குக்குச் சொல்லியனுப்பிக் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்று இன்று அவரைச் சொல்கிறோம்.

அதோடு நிற்கவில்லை. கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடை வைத்தார். வெள்ளைக்கார வணிகர்களிடம் கடனுக்குச் சரக்கெடுத்தார். வியாபாரத்தில் இது புதிதல்ல. ஆனாலும் அவர் அகலக்கால் வைத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1822ல் தீப்பிடித்துக் கடை எரிந்தது. சரக்கு சாம்பலாயிற்று, கடன் மட்டும் மிஞ்சியது. தம்மை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்கள் இருக்கும் ஊரில் கடன்காரராக நடமாடுவது எப்படி இருந்திருக்கும்!

அவர் ஊரைவிட்டு ஓடவில்லை. ராஃபிள்சிடம் போய் நிலைமையைச் சொன்னார். வணிகச் சதுக்கத்தில், அதாவது இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸில், இடம் கிடைத்தது. அங்கிருந்து மீண்டும் தலைதூக்கினார்.

கோயிலுக்கான நிலமும் அவரை எளிதில் விடவில்லை. முதலில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் இடம் தந்தார்கள். பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. 1821ல் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் அருகே வேறு இடம் வந்தது. நகரத் திட்டம் குறுக்கிட, கடை எரிந்த அதே 1822ல் அதுவும் கைநழுவியது. தொழில் விழுந்த மனிதர் இதையாவது விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. 1823ல் சவுத் பிரிட்ஜ் சாலை நிலம் கிடைத்தது. 1827ல் மரமும் அத்தாப்புக் கூரையுமாக ஒரு சிறு கோயில் எழுந்தது. சின்ன அம்மனை அங்கே வைத்தார்.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. நம் வீட்டுக் கூரை சரியாவதற்கு முன்பே மரத்தடியில் அம்மனுக்கு ஒரு சூலம் நட்டுவிடுவோமே.

பிள்ளைக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டு, அவர்களுக்குள் எழும் வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் பெற்றார். கடனாளியின் குனிந்த தலை எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் முன்னால்தான் ஊராரின் சண்டைகள் வந்து நின்றன.

அத்தாப்புக் கூரை போய்ச் செங்கல் கட்டடம் வந்தது. புதிதாகக் கப்பலிறங்கிய தமிழர்கள் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அந்தக் கோயிலில்தான் ஒதுங்கினார்கள். இந்துத் திருமணங்களை நடத்திப் பதிவுசெய்ய அதிகாரம் பெற்ற ஒரே கோயிலாகவும் ஒரு காலத்தில் அது இருந்தது. நம் பாட்டன் பாட்டிகள் சிலருடைய மாலை மாறியதும் அங்கேதான்.