ஹோரஸ் மான் ஏந்திய தராசு

பரீட்சை என்றதும் குழந்தையின் திறமையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் பொதுப் பள்ளிக்கூடங்களில் அச்சிட்ட கேள்வித்தாளைப் புகுத்திய முன்னோடிகளின் நோக்கம் குழந்தையை நிறுப்பதன்று, பள்ளிக்கூடத்தை நிறுப்பதேயாகும். அம்முயற்சிக்கு உயிரூட்டியவர் ஹோரஸ் மான்.

1796-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தின் பிராங்க்ளின் என்னும் ஊரில், எளிய குடியானவர் வீட்டில் அவர் பிறந்தார். வருஷத்தில் சில வாரங்களே பள்ளிக்குச் சென்ற சிறுவனுக்கு ஊர்ப் புத்தகசாலையே பெரிய ஆசானாயிற்று. பின்னர் வக்கீலாகி, ராஜ்ய செனட் சபையின் தலைவராகவும் உயர்ந்தார். 1837-ல் அவ்வளவையும் துறந்து, புதிய கல்விச் சபையின் முதல் காரியதரிசியானார். எவரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. உண்மையைப் பொதுஜனங்கள் முன் வைப்பதே அவருடைய ஆயுதம்.

பாஸ்டன் நகரத்து உபாத்தியாயர்கள் தங்கள் பள்ளிகளுக்கு இணையில்லை என்று பெருமை கொண்டிருந்தனர். மானின் கண்டனங்களை எதிர்த்து 1844-ல் 31 தலைமை உபாத்தியாயர்கள் கூடி மறுப்பு வெளியிட்டனர். அதுகாறும் பரீட்சை என்பது கமிட்டியார் வந்து சில வாய்மொழிக் கேள்விகள் கேட்டுச் செல்வதே. 1845-ல் மானின் நண்பர் சாமுவேல் ஹௌ முதலியோர், மேல்வகுப்பு மாணவர் சுமார் 530 பேருக்கு ஒரே அச்சிட்ட கேள்விகளைக் கொடுத்து விடை எழுதச் செய்தனர். நூற்றுக்கு முப்பது விடைகளே சரியாயிருந்தன. சரித்திரத் தேதிகளை ஒப்பித்தவர்களுக்கு அவற்றின் பொருள் விளங்கவில்லை. கறுப்பினக் குழந்தைகளுக்கென ஒதுக்கிய பள்ளியின் இழிநிலையும் வெளிச்சத்துக்கு வந்தது. பள்ளிகளில் நிறத்தால் பிரிக்கும் முறையை அந்த ராஜ்யம் 1855-ல் சட்டத்தால் ஒழித்தது. பரீட்சை மட்டும் அதற்குக் காரணமன்று. கறுப்பினப் பெற்றோர் பல்லாண்டு நடத்திய போராட்டமே முதற்காரணம்.

1848-ல் மான் அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினராகி அடிமை முறையை எதிர்த்தார். பின்பு ஒஹையோவில் அன்டியாக் கலாசாலையின் தலைவராயிருந்து 1859-ல் காலமானார்.

பிற்காலத்தார் அத்தராசைத் திருப்பிப் பிடித்தனர். மதிப்பெண் குறைந்தால் குழந்தை மந்தம் என்று முத்திரையிட்டனர். கற்பிக்கத் தவறியவர்கள் தப்பித்துக்கொண்டனர். எல்லாப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அளந்து கண்ட குறைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பள்ளியை நடத்துவோரே. பத்து வயதுக் குழந்தையன்று. இதை மறந்த பரீட்சை மானின் பரீட்சையாகாது.