கொட்டகையில் விளைந்த டாக்டர் பட்டம்



பரிசளிப்பு விழா என்றால் நம் பிள்ளைகள் மேடையேறிப் புத்தகமும் கோப்பையும் வாங்குவதைப் பார்க்க எல்லோரும் கூடுகிறோம். கை தட்டுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்த மேடை படிப்பு என்னும் ஏணியில் முதல் சில படிகள்தான். அந்த ஏணியின் உச்சிப் படியில் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

அங்கே இருப்பது டாக்டர் பட்டம். டாக்டர் என்றதும் ஊசி போடுகிறவர்தான் நம் நினைவுக்கு வருவார். இது வேறு. உலகத்தில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றை ஒருவர் தன் உழைப்பால் கண்டுபிடிக்க வேண்டும். அதை ஆய்வேடாக எழுத வேண்டும். பிறகு பேரறிஞர்கள் முன்னால் நின்று, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லித் தன் முடிவு சரி என்று நிலைநாட்ட வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் பல்கலைக்கழகம் அவரை டாக்டர் என்று அழைக்கும்.

அந்தப் பட்டத்தை அடைய ஒரு பெண்மணி நடந்த வழியை இங்கே சொல்லப் போகிறேன். அவர்தான் மேரி கியூரி அம்மையார். பாடப் புத்தகத்தில் அவர் படத்தைப் பார்த்திருப்பீர்கள். படத்தில் தெரியாத சங்கதிகள் நிறைய உண்டு. கேளுங்கள்.

தாய்மொழி மறுக்கப்பட்ட பிள்ளை

1867-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் வார்சா நகரில் மரியா ஸ்க்லோடோவ்ஸ்கா பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். அம்மா ஒரு பெண்கள் பள்ளியை நடத்தியவர். வாத்தியார் வீட்டுப் பிள்ளைதானே, கஷ்டம் என்ன இருந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அன்றைக்குப் போலந்து என்ற நாடே வரைபடத்தில் கிடையாது. ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும் அதைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. வார்சா ரஷ்யர் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழியில்தான் பாடம். மரியா படித்த பள்ளியில் போலந்து மொழியையும் சரித்திரத்தையும் ஒளித்து வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மேலதிகாரி வருகிறார் என்று மணிச் சத்தம் கேட்டால் போதும், புத்தகங்கள் மறைந்துவிடும். பிள்ளைகள் கையில் தையல் துணி வந்துவிடும்! சொந்த மொழியில் படிக்க ஒரு பள்ளிக்கூடம் இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டால் தெரிந்திருக்கும்.

அப்பாவுக்கு அரசாங்கப் பள்ளியில் இருந்த பதவி பறிபோனது. வயிற்றுப்பாட்டுக்காக வீட்டிலேயே மாணவர்களைத் தங்க வைத்துச் சோறு போட்டுப் பாடம் சொன்னார். அப்படி வந்தவர்கள் மூலம் வீட்டுக்குள் நோய் புகுந்து மூத்த மகளைக் கொண்டு போய்விட்டது. 1878-இல் அம்மாவும் காசநோயால் இறந்தார். அப்போது மரியாவுக்குப் பத்து வயது. அத்தனை துயரத்துக்கும் நடுவில், 1883-இல் பள்ளிப் படிப்பைத் தங்கப் பதக்கத்தோடு முடித்தார்.

சரி, அடுத்து என்ன? வார்சா பல்கலைக்கழகத்தில் பெண்களைச் சேர்க்க மாட்டார்கள். வெளிநாடு போகக் காசு இல்லை. பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதானா?

அக்காள் தங்கை ஒப்பந்தம்

பெற்றோர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். மரியாவின் அக்காள் புரோன்யாவுக்கு மருத்துவம் படிக்க ஆசை. இருவரையும் ஒரே நேரத்தில் படிக்க வைக்க வீட்டில் வசதி இல்லை. அதனால் அக்காளும் தங்கையும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலில் அக்காள் பாரிஸ் போய்ப் படிக்கட்டும், தங்கை வேலை செய்து பணம் அனுப்பட்டும். அக்காள் டாக்டரானதும் தங்கையை அழைத்துப் படிக்க வைக்கட்டும் என்பதுதான் அது. ஒருவர் படிப்பை அடியோடு நிறுத்திவிட்டு இன்னொருவரைப் படிக்க வைத்தார்கள் என்றில்லை. முறை வைத்துக்கொண்டார்கள்.

1886-இல் 18 வயது மரியா, வார்சாவிலிருந்து வெகு தூரத்தில் இருந்த சுக்கி என்ற ஊருக்குப் போனார். அது என்ன ஊர் தெரியுமா? சர்க்கரைக் கிழங்குத் தோட்டம்! சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை கிழங்கு வயல், பக்கத்தில் சர்க்கரை ஆலை. தோட்ட நிர்வாகி வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. மாதா மாதம் சம்பளத்தில் ஒரு பகுதி அக்காளுக்குப் போய்விடும்.

தோட்டத்துத் தொழிலாளிகளின் பிள்ளைகள் எழுத்து வாசனை இல்லாமல் திரிவதை மரியா பார்த்தார். தன் வேலை முடிந்த பிறகு அந்தப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் போலந்து மொழியில் எழுதவும் படிக்கவும் சொல்லிக் கொடுத்தார். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் தண்டனைதான். ஆனாலும் விடவில்லை. பிற்காலத்தில் உலகமே போற்றிய விஞ்ஞானி, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவர் என்பதை நினைக்கும்போது என்னைப் போன்ற தோட்டத்து ஆசிரியர்களுக்கு மனம் நிறைந்து போகிறது.

அந்த வீட்டு மூத்த மகன் மரியாவை மணக்க விரும்பினார். சம்பளத்துக்கு வந்த பெண்ணை மருமகளாக ஏற்க மாட்டோம் என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். அவமானம்தான். ஆனாலும் அக்காளின் படிப்பை நினைத்து வேலையை உடனே உதறவில்லை. இரவில் தனியே பௌதிகப் புத்தகங்களையும் கணிதத்தையும் படித்துக்கொண்டே காலம் தள்ளினார்.

புரோன்யா சொன்ன சொல் தவறவில்லை. டாக்டரானதும் தங்கையை அழைத்தார். 1891-இல் மரியா ரயிலேறினார். ஜெர்மனி வழியாகப் போன நான்காம் வகுப்புப் பெட்டியில் உட்காரப் பலகை கிடையாது. கையோடு ஒரு மடக்கு நாற்காலியும் சாப்பாடும் கொண்டுபோனார். அப்படிப் போய்ச் சேர்ந்தவர் பாரிசில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் மேரி என்று பெயர் பதிந்தார்.

பட்டினியும் பட்டமும்

முதலில் அக்காள் வீட்டில் தங்கினார். பிறகு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், கூரையை ஒட்டிய சிறு அறையை வாடகைக்கு எடுத்தார். குளிர்காலத்தில் பாத்திரத்துத் தண்ணீர் உறைந்துவிடும். இருக்கிற துணி எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு தூங்குவார். சரியான சாப்பாடு இல்லாமல் ஒருநாள் மயங்கியே விழுந்தார். பேராசிரியர்கள் வேகமாகப் பேசும் பிரெஞ்சு மொழியும் முதலில் பிடிபடவில்லை. ஆனால் 1893-இல் பௌதிகப் பட்டத் தேர்வில் முதலாவதாக வந்தார். 1894-இல் கணிதத்தில் இரண்டாவதாக வந்தார்.

இடையில் போலந்திலிருந்து 600 ரூபிள் உபகாரச் சம்பளம் கிடைத்தது. திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத பணம். ஆனால் சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்தத் தொகையைச் சேர்த்து வைத்துத் திருப்பி அனுப்பினார். தன்னைப் போன்ற இன்னொரு ஏழை மாணவருக்கு அது போக வேண்டும் என்பது அவர் எண்ணம். உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள்.

1895-இல் பியேர் கியூரி என்ற விஞ்ஞானியை மணந்தார். கல்யாண உடைகூடப் பிறகு ஆய்வுக்கூடத்தில் உடுத்தத் தோதான கருநீல உடைதான். 1897-இல் மூத்த மகள் ஐரீன் பிறந்தாள். கைக்குழந்தையோடு இனி என்ன ஆராய்ச்சி என்று அவர் நிறுத்தவில்லை. மாமனார் வீட்டோடு வந்து பேத்தியைப் பார்த்துக்கொண்டார். மேரி டாக்டர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடத் தொடங்கினார்.

நாலைந்து அரிசி மணி எடை

1896-இல் பெக்கரல் என்ற அறிஞர், யுரேனியத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் வெளிப்படுவதைக் கண்டிருந்தார். அதை அப்போது அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. மேரி அதையே தம் தலைப்பாக எடுத்துக்கொண்டார். பியேரும் அவர் அண்ணனும் செய்த நுண்ணிய மின் அளவுக் கருவியை வைத்துப் பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிட்ச்பிளெண்ட் என்ற தாதுப் பொருள், அதில் உள்ள யுரேனியத்தின் அளவுக்கு மீறிக் கதிர் வீசியது. அளந்ததில் தவறோ என்று மறுபடி மறுபடி அளந்தார். தவறில்லை. அப்படியானால் உள்ளே வேறு ஏதோ ஒரு புதுப் பொருள் ஒளிந்திருக்க வேண்டும்!

பியேரும் தம் சொந்த ஆராய்ச்சியை ஒதுக்கிவிட்டு மனைவியோடு சேர்ந்துகொண்டார். 1898 ஜூலையில் ஒரு புதுத் தனிமத்தை அறிவித்தார்கள். வரைபடத்தில் இல்லாத தாய்நாட்டின் பெயரால் அதற்குப் பொலோனியம் என்று பெயரிட்டார் மேரி. அதே ஆண்டு டிசம்பரில் ரேடியத்தை அறிவித்தார்கள்.

ஆனால் இரசாயன அறிஞர்கள் லேசில் நம்புவார்களா? கண்ணால் பார்க்க வேண்டும், எடை போட வேண்டும் என்றார்கள். பாரிசில் பியேர் வேலை பார்த்த பள்ளியில் ஒரு பழைய மரக் கொட்டகை இருந்தது. முன்பு மருத்துவ மாணவர்கள் பிணம் அறுத்துப் பார்த்த இடம். மழை பெய்தால் ஒழுகும், வெயிலில் வேகும், குளிரில் விறைக்கும். அதுதான் கிடைத்தது. ஆஸ்திரிய அரசாங்கச் சுரங்கத்தில் யுரேனியம் எடுத்த பிறகு கொட்டிக் கிடந்த கழிவு மண்ணை டன் கணக்கில் வரவழைத்தார்கள். நம் நாட்டு ஈய லம்பத்தில் ஈயம் எடுத்த பின் குவித்து வைக்கும் மணலைப் போல அது மற்றவர்களுக்கு வேண்டாத பொருள்.

ஒரு தடவைக்கு 20 கிலோ. கொதிக்க வைத்து, தம் உயரத்துக்கு இருந்த இரும்புக் கம்பியால் நாள் முழுக்கக் கிண்டுவார். வடிகட்டுவார், ஊற்றுவார், மறுபடியும் காய்ச்சுவார். ரப்பர் ஸ்டோரில் பால் காய்ச்சியவர்களுக்கும் செம்பனைக் குலை சுமந்தவர்களுக்கும் அந்தத் தோள்வலி என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்கிடையில் 1900 முதல் செவ்ர் என்ற ஊரில் பெண் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பாடமும் நடத்தினார். இப்படி ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஓடின. 1902-இல் சுத்தமான ரேடிய உப்பு கிடைத்தது. எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு! நாலைந்து அரிசி மணி எடைதான் இருக்கும். அதற்காகத்தான் அவ்வளவு மண்ணையும் காய்ச்சினார்.

அந்த ஜூன் மாத நாள்

1903 ஜூன் 25. சோர்போனில் மேரியின் ஆய்வேட்டை விசாரிக்கும் நாள். போலந்திலிருந்து புரோன்யா வந்து சேர்ந்தார். தங்கையை வற்புறுத்திப் புதுக் கறுப்பு உடை வாங்க வைத்தார். கணவர், மாமனார், அக்காள், செவ்ர் கல்லூரி மாணவிகள் எல்லோரும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே லிப்மன், பூட்டி, முவாசான் என்ற மூன்று பேராசிரியர்கள். அவர்கள் கேள்வி கேட்கக் கேட்க, மேரி நிதானமாகப் பதில் சொன்னார். பாடம் படித்து ஒப்புவிக்கிறவருக்கு நடுக்கம் வரலாம். தன் கையால் கிண்டி எடுத்ததைச் சொல்கிறவருக்கு ஏன் வரப் போகிறது? மிகச் சிறந்த தகுதியோடு டாக்டர் பட்டம் அளித்தார்கள்.

அதே டிசம்பரில் பெக்கரலோடும் பியேரோடும் அவருக்குப் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவர்தான். முதலில் ஆண்கள் இருவர் பெயர் மட்டுமே பேசப்பட்டது. மனைவியின் பங்கையும் சேர்க்க வேண்டும் என்று பியேர் உறுதியாக எழுதிய பிறகுதான் மேரிக்கும் இடம் கிடைத்தது. அவரை விசாரித்த மூவரில் முவாசான் 1906-இலும் லிப்மன் 1908-இலும் நோபல் பரிசு பெற்றார்கள். ஆக, தேர்வு எழுதியவர் தேர்வாளர்களுக்கு முன்பே வாங்கிவிட்டார்!

1906-இல் பியேர் சாலை விபத்தில் இறந்தார். கணவர் நடத்திய பாடத்தை மேரி ஏற்றுக்கொண்டு, அவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். சோர்போனில் பாடம் நடத்திய முதல் பெண்ணும் அவரே. 1911-இல் இரசாயனத்துக்காக இரண்டாவது நோபல் பரிசும் வந்தது. ரேடியம் எடுக்கும் முறைக்கு உரிமை வாங்கிப் பணம் குவிக்க அவர் விரும்பவில்லை. முதல் உலகப் போரில் எக்ஸ்ரே வண்டியோடு போர்முனைக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்கு உதவினார். மகள் ஐரீனும் உடன் போனாள். அந்த ஐரீன் 1925-இல் சோர்போனில் டாக்டர் பட்டம் வாங்கினாள். அவள் ஆய்வு எதைப் பற்றி? தாய் கண்டுபிடித்துப் பெயரிட்ட பொலோனியத்தின் கதிர்களைப் பற்றி!

இதற்கெல்லாம் அம்மையார் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. அந்தக் கதிர்கள் உடலைக் கெடுக்கும் என்பது அந்த நாளில் சரியாகத் தெரியாது. இரத்தம் ஊறாமல் போகும் நோயால் 1934 ஜூலை 4-ஆம் நாள் அவர் காலமானார். அவர் குறிப்பேடுகளில் இன்னும் கதிர்வீச்சு இருப்பதால் ஈயப் பெட்டிகளில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். 1995-இல் பிரான்ஸ் நாடு தன் மாபெரும் மனிதர்கள் துயிலும் பாந்தியோன் மண்டபத்தில் அவர் உடலை வைத்துப் பெருமை செய்தது.

பெற்றோர்களே, ஒரு வார்த்தை

பொம்பளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு இவ்வளவு படிப்பு, மூத்தவள் படித்தது போதும், சின்னவள் வேலைக்குப் போகட்டும் என்ற பேச்சு நம் வீடுகளிலும் எழத்தான் செய்கிறது. கஷ்டம் இல்லாமல் யாரும் அப்படிப் பேசுவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் நிறுத்துவதற்கு முன்னால் புரோன்யாவையும் மரியாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒருவருக்கு, நாளைக்கு இன்னொருவருக்கு என்று முறை வைக்க முடியுமா என்று பாருங்கள். படித்து மேலே போன அண்ணன் அக்காள்மார்களே, உங்களுக்காகக் காத்திருக்கிற தம்பி தங்கைகளை மறந்துவிடாதீர்கள்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்கியவர்களுக்கு வாழ்த்து. வாங்காதவர்கள் மனம் தளர வேண்டாம். மேரி அம்மையார் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குள் நுழைய, பள்ளிப் பதக்கம் வாங்கிய பிறகும் எட்டு வருஷம் காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் புத்தகத்தை மட்டும் மூடவில்லை. நீங்களும் மூடாதீர்கள்.

வாழ்க கல்வி! வளர்க நம் பிள்ளைகள்!