எட்டணாவில் கொழும்புப் பயணம்: வ.உ.சி.யும் சுதேசிக் கப்பலும்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஃபெர்ரியில் போகிறவர்கள், அந்தக் கப்பல் யாருடையது என்று யோசிப்பதில்லை. கட்டணத்தைச் செலுத்தி ஏறினால், சிறிது நேரத்தில் ஜார்ஜ்டவுனில் இறங்கிவிடலாம். ஆனால், ஒரு தீவுக்கும் எதிரே உள்ள பெருநிலத்துக்கும் இடையே ஒரே ஒரு நிறுவனம்தான் கப்பல் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சொல்வதுதான் கட்டணம்; அது புறப்படும் நேரம்தான் நேரம். அந்த நிறுவனமும் நாட்டை ஆள்கிற அந்நியருடையது. அப்போது கப்பல் யாருடையது என்ற கேள்வி பெரிய கேள்வியாகிவிடும்.

தென்னிந்தியாவின் தூத்துக்குடிக்கும் இலங்கைத் தீவின் கொழும்புக்கும் இடையே இருந்த நிலை அதுதான். 1906-ஆம் ஆண்டில் அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஒரு வழக்கறிஞர். அவர்தான் வ.உ.சி. என்று நாம் அறிந்திருக்கும் வ.உ.சிதம்பரம் பிள்ளை. கப்பலோட்டிய தமிழன் என்ற பெயரும் செக்கிழுத்த கதையும் நம் மாணவர்களுக்குத் தெரிந்தவை. அந்தக் கப்பல் எப்படி ஓடியது, ஏன் நின்றது என்பது அவ்வளவாகத் தெரிந்ததில்லை.

ஒட்டப்பிடாரத்துப் பிள்ளை

வ.உ.சி. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். தூத்துக்குடியில் பள்ளிப் படிப்பையும் திருச்சிராப்பள்ளியில் சட்டப் படிப்பையும் முடித்து, தந்தையின் தொழிலையே ஏற்றார். ஏழைகளின் வழக்குகளை விரும்பி எடுத்து நடத்தியதால் ஊர் மக்களிடம் நல்ல பெயரும் காவல்துறையிடம் பகையும் சேர்ந்தன. 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தமிழ் இலக்கியத்திலும் சைவ சமய நூல்களிலும் ஊறியவர் அவர். 1905-இல் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது எழுந்த சுதேசி இயக்கம் அவரைப் பொதுவாழ்க்கைக்கு இழுத்தது. அந்நியத் துணியை விலக்குவோம், நாட்டுப் பொருளை வாங்குவோம் என்று பலர் மேடையில் பேசிய காலம் அது. வ.உ.சி.யும் பேசினார், நெசவுச்சாலை, பண்டகசாலை ஆகியவற்றைத் தொடங்கும் வேலையிலும் இறங்கினார். அதற்கு அடுத்தபடியாக அவர் பார்வை கடலுக்குப் போனது.

ஒரே நிறுவனத்தின் கையில் ஒரு கடல்வழி

தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் தூத்துக்குடியில் இறங்கி, கப்பலேறிக் கொழும்புக்குப் போவார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்கள், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்கள், அரிசி, துணி என்று ஆளும் சரக்கும் ஓயாமல் போய்வந்த வழி அது. தூத்துக்குடிக் கடற்கரை ஆழமில்லாதது. ஆகவே பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். படகுகளிலும் தோணிகளிலும் போய்த்தான் ஏற வேண்டும்.

அந்த வழி முழுவதும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் கையில் இருந்தது. சுருக்கமாக பி.ஐ. கம்பெனி. இந்தப் பெயர் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் புதியதன்று. நம் தாத்தா பாட்டிகளைச் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றிவந்த ராஜுலா கப்பல் இதே நிறுவனத்துக்குச் சொந்தமானதுதான். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் ஆஸ்திரேலியா வரை கப்பல்களை ஓட்டிய அத்தகைய பெரிய நிறுவனத்தோடுதான் ஒரு சிறு நகரத்து வழக்கறிஞர் போட்டிக்கு நின்றார்.

ஒரு பங்கு 25 ரூபாய்

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி முறைப்படி பதிவு செய்யப்பட்டது. முதலீடு 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய் என்று 40,000 பங்குகளாக அது பிரிக்கப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். வ.உ.சி. ஏற்றுக்கொண்ட பதவி துணைச் செயலாளர். ஆனால் பங்கு விற்க ஊர் ஊராக அலைந்ததும், கப்பலுக்கு ஏற்பாடு செய்ததும், கணக்குப் பார்த்ததும் பெரும்பாலும் அவர்தான்.

நிறுவனத்தின் நோக்கங்களை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கப்பல் ஓட்டி லாபம் ஈட்டுவதோடு அவை நிற்கவில்லை. நாட்டு மக்களுக்கும் பிற ஆசிய மக்களுக்கும் கப்பல் தொழிலைக் கற்றுக்கொடுப்பது, கப்பல் கட்டும் கலையில் மாணவர்களுக்குப் பயிற்சியளிப்பது, அதற்கான தொழிற்சாலைகளை அமைப்பது என்றெல்லாம் அதில் எழுதியிருந்தார்கள். கப்பல் ஓட்டத் தெரிந்த ஒரு தலைமுறையையே உருவாக்க அவர்கள் எண்ணியிருந்தார்கள்.

வாடகைக் கப்பல் போய், சொந்தக் கப்பல் வந்தது

தொடக்கத்தில் நிறுவனத்திடம் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். சில காலத்திலேயே பி.ஐ. கம்பெனியின் நெருக்குதலால் ஷா லைன் தன் கப்பல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பங்கு வாங்கியவர்கள் திகைத்துப் போனார்கள். வ.உ.சி. கொழும்புக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து, சேவை அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

வாடகைக் கப்பலை நம்பினால் கழுத்தில் கயிறு எப்போதும் பிறர் கையில்தான் இருக்கும் என்பதை அந்த அடி அவருக்கு உணர்த்தியது. சொந்தக் கப்பல் வாங்க பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது வீட்டில் மகன் உலகநாதன் நோய்வாய்ப்பட்டிருந்தான். மனைவி மீனாட்சி அம்மாள் கருவுற்றிருந்தார். திரும்பினால் கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று நண்பர்களிடம் அவர் சூளுரைத்துச் சென்றதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பம்பாயில் திலகர் போன்றோரின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது.

1907-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளையும் ஏராளமான சரக்கு மூட்டைகளையும் ஏற்றக்கூடிய கப்பல் காலியா. அதைப் பார்க்க மக்கள் கடற்கரையில் திரண்டார்கள்.

இலவசப் பயணமும் இலவசக் குடையும்

சொந்தக் கப்பல் வந்ததும் கட்டணப் போட்டி மூண்டது. பி.ஐ. கம்பெனி கொழும்புக்கான கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசி நிறுவனம் எட்டணாவுக்கு, அதாவது அரை ரூபாய்க்கு இறக்கியது. உடனே பி.ஐ. கம்பெனி பயணத்தையே இலவசமாக்கி, ஏறுகிறவர்களுக்கு ஒரு குடையும் தருவதாக அறிவித்தது. அப்படியும் மக்களில் பலர் எட்டணா கொடுத்துச் சுதேசிக் கப்பலில்தான் ஏறினார்கள்.

இதன் கணக்கை வணிகம் படிக்கும் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். பி.ஐ. கம்பெனிக்குப் பல கடல்வழிகள் இருந்தன. ஒரு வழியில் நட்டம் வந்தால் மற்ற வழிகளின் லாபத்தைக் கொண்டு அதைத் தாங்கலாம். சுதேசி நிறுவனத்துக்கு இருந்தது இரண்டு கப்பல், ஒரே வழி. எட்டணாக் கட்டணம் நிலக்கரிச் செலவுக்கும் மாலுமிகளின் சம்பளத்துக்கும் எத்தனை நாள் காணும்? குறைந்த கட்டணத்தால் போட்டியாளரை வெளியேற்றிவிட்டுப் பிறகு தனியாட்சி நடத்துவது பெரிய நிறுவனங்களின் பழைய உத்தி. மேலும், மாவட்ட அதிகாரிகளின் ஆதரவும் பி.ஐ. பக்கமே சாய்ந்திருந்தது. இத்தனைக்கும் நடுவே சுதேசிக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது என்றால், அதற்குக் காரணம் எட்டணா கொடுத்த பயணிகள்.

மேடையா, நிறுவனமா?

இங்கேதான் வ.உ.சி.க்குக் கடினமான ஒரு தேர்வு வந்தது. அவர் அரசியலை விட்டுவிட்டுக் கப்பலை மட்டும் கவனித்தால் போதும் என்று நிறுவனத்தைச் சேர்ந்தவர்களே சிலர் விரும்பினார்கள். அவர்கள் அச்சத்தில் நியாயம் இருந்தது. மக்கள் போட்ட பணம் அது. அரசாங்கத்தின் கோபம் வ.உ.சி. மீது விழுந்தால் நிறுவனமும் சேர்ந்து நொறுங்கும்.

வ.உ.சி. வேறு விதமாக எண்ணினார். இலவசப் பயணத்தை ஒதுக்கிவிட்டு மக்கள் தம் கப்பலில் ஏறுவதே சுதேசி உணர்வால்தான். அந்த உணர்வை அணையவிட்டால் கப்பலும் நிற்காது என்பது அவருடைய நிலை. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் தேதி தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமாக நீடித்த அந்தப் போராட்டத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. இந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு முக்கியமான வெற்றி.

அடுத்த சில நாள்களில் வங்கத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாட வ.உ.சி. முனைந்தார். மார்ச் 12-ஆம் தேதி அவரும் சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன, கலவரம் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தார்கள். ஜூலை 7-ஆம் தேதி நீதிபதி பின்ஹே, அரச நிந்தனைக்காக 20 ஆண்டும், சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக 20 ஆண்டும் என 40 ஆண்டு தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட்டது.

சிறையில் மனிதர், கரையில் கப்பல்

கோயம்புத்தூர்ச் சிறையிலும் பிறகு கண்ணனூர்ச் சிறையிலும் வ.உ.சி. காலம் கழித்தார். கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாக அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்த நிலையிலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கில எழுத்தாளரின் நூலைத் தமிழாக்கியதும் சிறை நாள்களில்தான்.

வெளியே கப்பல் நிறுவனம் தள்ளாடியது. பங்குதாரர்களைக் கூட்டிப் பேசவும், அதிகாரிகளோடு வாதாடவும், நட்டத்திலும் நம்பிக்கையூட்டவும் ஆள் இல்லை. 1911-ஆம் ஆண்டில் நிறுவனம் கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. அவற்றில் ஒன்று பி.ஐ. கம்பெனிக்கே விற்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. செக்கிழுத்த துன்பத்தைவிட அந்தச் செய்திதான் அவரை அதிகம் வாட்டியிருக்க வேண்டும்.

1912-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி விடுதலையானபோது, அவரை வரவேற்கச் சிறை வாசலில் கூட்டம் எதுவும் இல்லை. குடும்பத்தினரும் சிவா உள்ளிட்ட சிலரும்தான் நின்றார்கள். வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது, சொத்தும் கரைந்திருந்தது. சென்னையில் சிறு கடை வைத்துப் பிழைக்க முயன்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியடிகளிடம் இருந்தது. அது தொடர்பாக இருவருக்கும் இடையே பல கடிதங்கள் போய்வந்து, 1916-இல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்து சேர்ந்தது. பத்து லட்ச ரூபாய் நிறுவனத்தை எழுப்பிய மனிதர், குடும்பச் செலவுக்கு அந்தத் தொகையை எதிர்பார்த்துக் காத்திருந்தார்.

பின்னர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். அந்நிய ஆட்சியை எதிர்த்த அவருக்கு அந்நியர் ஒவ்வொருவரும் பகைவர் அல்லர். கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்கறிஞராக இருந்துகொண்டு, தொல்காப்பிய உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார்.

கடல்வழி பிறகு என்ன ஆனது?

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் இலங்கைப் பயணத்தின் முகமே மாறியது. ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடல்தான். ரயில் நிறுவனத்தின் கப்பல்கள் சில மணி நேரத்தில் பயணிகளைக் கொண்டுசேர்த்தன. தூத்துக்குடி வழியாகப் போன கூட்டம் பெருமளவில் அந்தப் பக்கம் திரும்பியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு சேவை இராமேசுவரத்திலிருந்து நடந்து, 1980-களில் இலங்கைப் போரால் நின்றுபோனது. 2011-இல் தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கி, சில மாதங்களே ஓடியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சேவை தொடங்கியது.

இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வ.உ.சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர். பெருமைக்குரியதுதான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது, மாணவர்கள் இரண்டு செய்திகளைச் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

ஒன்று, சுதேசிக் கப்பலைப் பயணிகள் கைவிடவில்லை. இலவசமாகப் போகலாம் என்றபோதும் எட்டணா கொடுத்தார்கள். இன்னொன்று, அவ்வளவு பெரிய முயற்சி ஏறக்குறைய ஒரே மனிதரின் தோளில் நின்றது. அவரைச் சிறைக்கு அனுப்பியதும் அது சரிந்தது. கப்பல் தொழிலில் ஒரு தலைமுறையைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று நிறுவனத்தின் நோக்கத்தில் எழுதினார்களே, அதற்குக் காலம் கிடைக்கவில்லை. கழகமோ சங்கமோ சிறு தொழிலோ, நீங்கள் எதைத் தொடங்கினாலும் நாளைக்கு அதை நடத்தப்போகிறவர்களை இன்றே உடன் வைத்துப் பழக்குங்கள். வ.உ.சி. விட்டுச் சென்ற வேலையில் எஞ்சியிருக்கும் பகுதி அதுதான்.