வழக்கறிஞர் பிராண்டைஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த கெண்டக்கி மாநிலத்தில் லூயிவில் என்னும் நகரம் உளது. பிராகு நகரினின்று குடியேறிய யூதக் குடும்பமொன்றில், 1856-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், லூயி பிராண்டைஸ் அங்குப் பிறந்தார். ஹார்வர்டில் சட்டம் பயிலுங்கால் அவருக்குக் கண்ணோய் மிகுந்தது. உடன்பயின்ற நண்பர் நூல்களைப் படித்துக் காட்ட, அவர் கேட்டே அவற்றை உளங்கொண்டார். கேள்விச் செல்வத்தின் பயனை அவர்பாற் காணலாம். 1879-இல் வாரன் என்னும் நண்பருடன் கூடிப் பாஸ்டன் நகரில் வழக்கறிஞர் தொழில் தொடங்கினார்.

தொழில் முதலாளிகள் பலர் அவரை நாடினர். அவருள் ஒருவர் மாக்கெல்வெய்ன் என்னும் காலணி ஆலை உரிமையாளர். தம் ஆலையிற் கூலி மிகுதி என்றும், அதனைக் குறைத்தற்குத் தொழிலாளர் இசையவில்லை என்றும் 1902-இல் அவர் முறையிட்டார். ஒரு தொழிலாளி ஆண்டு முழுமைக்கும் ஈட்டுவது எவ்வளவு எனப் பிராண்டைஸ் வினவினார். முதலாளிக்கு விடை தெரியவில்லை. ஆராய்ந்தபோது, வேலையுள்ள நாளிற் கூலி மிகுதியாயினும், வேலையின்றி வாளா இருக்கும் வாரங்கள் பல என்பது புலனாயிற்று. தம்மை அமர்த்திய முதலாளியிடமே, பிழை தொழிலாளர் மேலதன்று என அவர் எடுத்துரைத்தார். பொருள் கொடுப்பாரிடம் இவ்வாறு உரைத்தல் எளிதோ! முதலாளியும் அதனை ஏற்று, ஆண்டு முழுதும் வேலை கிடைக்குமாறு ஆலையின் முறையை மாற்றியமைத்தார்.

அவர் புகழை நாட்டியது ஓரிகான் வழக்காகும். தொழிற்சாலையிலும் சலவைச்சாலையிலும் பெண்டிரை நாளொன்றுக்குப் பத்து மணிக்கு மேல் வேலை வாங்கலாகாது என அம்மாநிலம் 1903-இல் சட்டம் செய்தது. அதனை மீறித் தண்டம் பெற்ற முல்லர் என்னும் சலவைச்சாலை உரிமையாளர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். வேலை நேரத்தை முதலாளியும் தொழிலாளியும் தாமே பேசி முடித்தல் வேண்டும், அரசு தலையிடலாகாது என்பது அவர் கட்சி. ரொட்டி செய்வோர் பற்றிய நியூயார்க் சட்டத்தை 1905-இல் அந்நீதிமன்றம் இக்காரணம் பற்றியே தள்ளியிருந்தது. ஆதலின் ஓரிகான் சட்டம் நிலைப்பது அரிதாகத் தோன்றிற்று.

அரசின் பொருட்டு வாதிட இசைந்த பிராண்டைஸ் ஊதியம் பெற்றிலர். அவர் மனைவியின் தங்கை ஜோசபின் கோல்டுமார்க் என்பார், துணைவர் சிலருடன் நூலகங்களில் அமர்ந்து, தொழிற்சாலை ஆய்வாளர், மருத்துவர் முதலியோரின் அறிக்கைகளைத் திரட்டித் தந்தார். 113 பக்கங்கொண்ட வாதவுரையில் சட்ட நுணுக்கம் பேசுவது ஏறத்தாழ 2 பக்கமே. எஞ்சியவை யாவும் நெடுநேர உழைப்பு உடலைக் குலைக்கும் விதத்தைக் காட்டும் சான்றுகள். 1908-இல் நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமித்துச் சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தனர். பெண்ணின் உடல் மெலிவைக் காட்டிய அவ்வாதமே பிற்காலத்திற் பெண்டிர்க்குச் சில பணிகளை மறுத்தற்கும் கருவியாயிற்று என்பதை மறைத்தலாகாது.

1916-இல் அதிபர் வில்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார். நான்கு திங்கள் எதிர்ப்பு நீடித்தது. பின்னர் மேலவையில் 47 பேர் ஆதரிக்க, 22 பேர் மறுக்க, அப்பதவியை எய்திய முதல் யூதர் ஆனார். ஆடவர்க்கும் பத்து மணி வரையறை செய்த ஓரிகான் சட்டம் 1917-இல் அந்நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வந்தது. முன்னர் அவ்வழக்கில் அரசுக்குத் துணைநின்றவராதலின், பிராண்டைஸ் தீர்ப்பிற் கலவாது ஒதுங்கினார். ஏனையோர் தீர்ப்பால் சட்டம் நிலைபெற்றது. 1939 வரை நீதிபதியாயிருந்த அவர், 1941-இல் இயற்கை எய்தினார்.