ஐனார் கெர்ஹார்ட்சனும் ரொம்சோஸ் வீடுகளும்

ஒஸ்லோ நகரின் வடகிழக்கே, குரூரூட் பள்ளத்தாக்கின் மேட்டில் ரொம்சோஸ் குடியிருப்பு அமைந்துள்ளது. நிலக்கீழ் ரயிலில் வருவோர் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்ட நிலையத்தில் இறங்கி மேலேறினால், காட்டின் விளிம்பில் நிற்கும் தொடர்மாடிகளைக் காணலாம். 1969 இல் தொடங்கி 1970களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 2600 வீடுகள் இங்கு கட்டப்பட்டன. வாகன வீதி குடியிருப்பைச் சுற்றி வெளிவட்டமாகச் செல்வதால், பிள்ளைகள் கார்களுக்கு அஞ்சாமல் பாடசாலைக்கு நடந்து போகலாம். இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல இங்கும் அண்டைப் பகுதிகளிலும் வாழ்கின்றன. சிவசுப்பிரமணியர் ஆலயமும் அருகிலுள்ள அமெரூட்டிலேயே இருக்கிறது.

லண்டனிலிருந்து இங்கு வரும் உறவினர்கள், இது கவுன்சில் கொடுத்த வீடா என்று கேட்பது வழக்கம். பிரித்தானியாவில் வாழ்ந்து பழகியவர்களுக்கு அது இயல்பான கேள்விதான். ஆனால் ரொம்சோஸின் பெரும்பாலான வீடுகள் ஒஸ்லோ மாநகரத்துக்குச் சொந்தமானவையல்ல. அவை அங்கு வசிப்போரே உறுப்பினராக உள்ள கூட்டுறவுச் சங்கங்களுக்கு உரியவை. மாநகரம் நிலத்தைக் கொடுத்தது, அரச வங்கி கடனைக் கொடுத்தது, வீட்டை மட்டும் இரண்டுமே தம் கையில் வைத்துக்கொள்ளவில்லை. இந்த ஏற்பாடு எப்படி வந்தது, அது பிற்காலத்தில் யாருக்கு நன்மையாகவும் யாருக்குக் கதவடைப்பாகவும் முடிந்தது என்பதை அறிய, நோர்வேயின் பிரதமராக ஏறத்தாழ 17 ஆண்டுகள் இருந்த ஐனார் கெர்ஹார்ட்சனின் வாழ்க்கையைப் பார்ப்பது பயனுள்ளது.

கெர்ஹார்ட்சன் 1897 மே 10 ஆம் திகதி, ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள அஸ்கர் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை சாலைத் துறைத் தொழிலாளர். மகனும் இளவயதிலேயே நகரின் சாலை வேலைக்குச் சென்றார். அக்காலத்தில் ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் ஓர் அறையும் சமையலறையுமாக நெருக்கியடித்து வாழ்ந்தன. காசநோய் பரவலாக இருந்தது. சாலைத் தொழிலாளர் சங்கத்தின் வழியாக அரசியலுக்குள் நுழைந்த கெர்ஹார்ட்சன், 1920களில் தொழிற்கட்சியின் தீவிர இடதுசாரிகளுள் ஒருவராக விளங்கினார். படையினரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டிய கிளர்ச்சியில் பங்கேற்றதற்காகச் சிறைக்கும் சென்றார்.

புரட்சி பேசிய இளைஞர் நிர்வாகியாக மாறியது ஒஸ்லோ மாநகர சபையில்தான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. 1932 இல் அவர் சபை உறுப்பினரானார். அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஒஸ்லோ மாநகரம் தானே வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டுவந்தது. தோர்ஸ்ஹொவ் போன்ற பகுதிகளில் அக்கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. பணத் தட்டுப்பாட்டாலும் வலதுசாரிகளின் எதிர்ப்பாலும் அந்தப் பணி நின்றுபோயிருந்தது. 1934 உள்ளூராட்சித் தேர்தலில் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றபோது, பழையபடி மாநகரமே வீட்டுச் சொந்தக்காரராவதா, வேறு வழி காண்பதா என்ற கேள்வி எழுந்தது.

வேறு வழி ஏற்கெனவே இருந்தது. 1929 இல் தொடங்கப்பட்ட ஓபோஸ் என்னும் கூட்டுறவு வீடமைப்புச் சங்கம் எத்தெர்ஸ்தாட் பகுதியில் முதல் வீடுகளைக் கட்டி முடித்திருந்தது. உறுப்பினர் சிறிது சிறிதாகச் சேமிப்பார். முறை வரும்போது பங்குப் பணம் செலுத்தி வீட்டில் குடியேறுவார். மீதிக் கடனைச் சங்கம் கூட்டாகச் சுமக்கும், அவர் அதை மாதாந்தம் அடைப்பார். 1935 இல் மாநகரம் ஓபோஸுடன் உடன்பாடு செய்துகொண்டு, தன் வீடமைப்புப் பணியின் கருவியாக அதை ஏற்றது. இந்த முடிவு ஒரு தனிமனிதருடையதல்ல. ஆயினும் அதை எடுத்த தலைமுறையின் நடுவில் நின்றவர் கெர்ஹார்ட்சன்.

1940 இல் அவர் மாநகர முதல்வரானார். அதே ஆண்டில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர்கள் அவரைப் பதவியிலிருந்து விலக்கினர். 1941 செப்டெம்பரில் கைது செய்யப்பட்டு, கிரினி முகாமிலும் பின்னர் ஜெர்மனியின் ஸாக்ஸன்ஹவுஸன் முகாமிலும் அடைக்கப்பட்டார். 1944 இல் மீண்டும் கிரினிக்குக் கொண்டுவரப்பட்டார். வெவ்வேறு கட்சியினரும் அங்கு ஒன்றாகச் சிறைப்பட்டிருந்ததால், போருக்குப் பின் எல்லாக் கட்சிகளும் ஒரே பொது வேலைத்திட்டத்தில் கையொப்பமிட்டது எளிதாயிற்று என வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர்.

1945 ஜூனில் அவர் பிரதமரானபோது நாட்டில் ஏறத்தாழ ஒரு இலட்சம் வீடுகளுக்குத் தட்டுப்பாடு நிலவியது. அப்போது நோர்வேயின் மக்கள்தொகை சுமார் 30 இலட்சம் மட்டுமே. வடக்கே ஃபின்மார்க் மாநிலத்தில், பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் 1944 இறுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை எரித்துவிட்டிருந்தன. 1946 இல் அவரது அரசு ஹூஸ்பாங்கன் எனப்படும் அரச வீட்டு வங்கியை நிறுவியது. குறைந்த வட்டி, நீண்ட தவணை, வீட்டின் பரப்பளவுக்கும் செலவுக்கும் வரம்பு ஆகியன அதன் நிபந்தனைகள். ஓர் ஆலைத் தொழிலாளி தன் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வீட்டுக்குச் செலவிடக்கூடாது என்பதே அக்காலத்தின் அளவுகோல். இன்று ஒஸ்லோவில் வாடகைக்கு இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பமும் இந்த அளவுகோலைத் தன் மாதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஃபின்மார்க்கில் இவ்வாறு மீளக் கட்டப்பட்ட ஊர்களுக்குத்தான், நாற்பது ஆண்டுகள் கழித்து, தமிழ் அகதிகள் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை தேடிச் சென்றனர். வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட், ஹம்மர்ஃபெஸ்ட் ஆகிய பெயர்கள் புலம்பெயர்ந்த பல குடும்பங்களுக்குப் பழக்கமானவை. நோர்வேக்கு வந்த முதல் தமிழராகக் கருதப்படும் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956 இல் இங்கு வந்தபோது, கெர்ஹார்ட்சனே பிரதமராக இருந்தார்.

ஒஸ்லோவின் சிக்கல் பணம் மட்டுமல்ல, நிலமும்தான். நகரைச் சூழ்ந்திருந்த ஆக்கர் என்னும் உள்ளூராட்சிப் பிரதேசம் 1948 ஜனவரி 1 ஆம் திகதி ஒஸ்லோவுடன் இணைக்கப்பட்டது. குரூரூட் பள்ளத்தாக்கு முழுவதும் அதனுள் அடங்கியிருந்தது. பண்ணைகளும் காடுமாக இருந்த அந்நிலத்தில்தான் அடுத்த முப்பது ஆண்டுகளில் தொடர்மாடிகள் எழுந்தன. 1950களின் தொடக்கத்தில் தெற்கே லம்பர்ட்ஸேத்தர் கட்டப்பட்டது. பின்னர் நிலக்கீழ் ரயில் பாதை நீள நீளக் குடியிருப்புகளும் நீண்டன. 1966 இல் குரூரூட் வரை வந்த ரயில் 1974 இல் ரொம்சோஸை எட்டியது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி விலைக் கட்டுப்பாடு. கூட்டுறவு வீட்டை விட்டு வெளியேறுபவர் அதைத் தான் விரும்பிய விலைக்கு விற்க முடியாது. நிர்ணயிக்கப்பட்ட தொகையைப் பெற்றுக்கொண்டு போக, வரிசையில் அடுத்து நிற்கும் உறுப்பினர் அதே வீட்டைக் கட்டுப்படியான விலையில் பெறுவார். கட்டுப்படியான வீட்டுக்கு விண்ணப்பிப்பது என்றால் அன்றைய ஒஸ்லோவில் ஓபோஸ் உறுப்பினராகி முறைக்காகக் காத்திருப்பது என்றே பொருள். சிங்கப்பூரில் 1960 இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும், 1970 இல் மு. கருணாநிதி அரசு அமைத்த தமிழ்நாடு குடிசை மாற்று வாரியமும் அரச அமைப்புகளாகவே வீடுகளைக் கட்டின. நோர்வேயில் அரசு கடனோடு நின்றுகொண்டது.

குறைகளும் இருந்தன. பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதிகாரபூர்வ விலைக்கும் உண்மையான தேவைக்கும் இடைவெளி பெருகியபோது, மேசைக்கு அடியில் பணம் கைமாறியது. சட்டத்தை மதித்துக் காத்திருந்தவர் பின்தள்ளப்பட்டார். பங்குப் பணத்துக்கே வழியில்லாதவர்களுக்கும் இந்த வரிசையில் இடமில்லை. கெர்ஹார்ட்சனின் அரசியலிலும் இருண்ட பக்கம் உண்டு. 1948 பெப்ரவரியில் கிரோகெரோய் என்னுமிடத்தில் அவர் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக ஆற்றிய உரைக்குப் பின்னர், நோர்வே குடிமக்கள் பலர் நீண்டகாலம் இரகசியமாகக் கண்காணிக்கப்பட்டனர். அந்தக் கண்காணிப்பின் அளவு 1996 இல் நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையில்தான் வெளிப்பட்டது. நாட்டின் தந்தை என்று அவரை அழைப்போர் இதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.

பிரதமராக இருந்த காலத்தில் அவர் மாளிகையில் வாழவில்லை. ஒஸ்லோ கிழக்கில் சோஃபியன்பெர்க் வீதித் தொடர்மாடி ஒன்றில் மனைவி வெர்னாவுடனும் பிள்ளைகளுடனும் சாதாரண வீட்டில் குடியிருந்தார். நமது அரசியல்வாதிகளின் எளிமை பெரும்பாலும் மேடைக்கானது. இவருடைய எளிமையைப் பற்றி எதிர்க்கட்சியினரும் ஐயம் எழுப்பியதில்லை.

1962 நவம்பரில் ஸ்வல்பார்டில் அரச சுரங்கம் ஒன்றில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அதையொட்டி 1963 இல் அவரது அரசு நாடாளுமன்றத்தில் தோற்றது. நான்கு வாரங்களில் மீண்டும் பதவிக்கு வந்தாலும் 1965 தேர்தலில் ஆட்சி கைமாறியது. ரொம்சோஸில் முதல் அத்திவாரம் தோண்டப்பட்டபோது அவர் பிரதமர் அல்லர். ஆனால் அந்த நிலமும், கடனும், கூட்டுறவு வடிவமும் அவர் காலத்து ஏற்பாடுகளின் தொடர்ச்சியே.

1981 இல் வலதுசாரி அரசு பதவிக்கு வந்த பின்னர், கூட்டுறவு வீடுகளின் விலைக் கட்டுப்பாடு படிப்படியாக நீக்கப்பட்டது. தொழிற்கட்சியும் அதை மீட்டெடுக்க முனையவில்லை. அதன் வாக்காளர்களிற் பலர் அப்போது கூட்டுறவு வீட்டுக்காரர்கள். விலை உயர்வது அவர்களுக்கு ஆதாயமாக இருந்தது. பிரித்தானியாவில் 1980 ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில் வீடுகளைக் குடியிருப்பாளருக்கு விற்றதைப் பற்றி உலகெங்கும் பேசப்பட்டது. நோர்வேயில் அதே விளைவு சத்தமின்றி நிகழ்ந்தது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்கு விலை மதிப்புள்ள சொத்து கிடைத்தது, வெளியே நின்றவர்கள் சந்தை விலை கொடுக்க வேண்டியவராயினர். கெர்ஹார்ட்சன் 1987 செப்டெம்பர் 19 ஆம் திகதி, தமது 90 ஆவது வயதில் காலமானார். தமிழ் அகதிகள் கணிசமான எண்ணிக்கையில் நோர்வே வரத் தொடங்கியிருந்த காலம் அது.

தமிழர்களுக்கு இடையில் ஒரு வாய்ப்புக் கிட்டியது. 1980களின் இறுதியில் ஏற்பட்ட வங்கி நெருக்கடியால் வீட்டு விலைகள் வீழ்ந்தன. வடக்கிலிருந்து ஒஸ்லோவுக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களிற் பல, 1990களில் குரூரூட் பள்ளத்தாக்கின் தொடர்மாடிகளை வாங்கக்கூடியதாக இருந்தது. அவர்களுடைய பிள்ளைகள் அதே பகுதியில் வீடு தேடும்போது நிலைமை முற்றிலும் வேறு. ஓபோஸில் நீண்டகால உறுப்பினராக இருப்பவர், ஏலத்தில் எட்டிய உச்ச விலையைக் கொடுத்து முன்னுரிமையுடன் வாங்கலாம். மூப்பு வரிசையில் முந்த உதவுகிறதே அன்றி, விலையைக் குறைப்பதில்லை.

மாநகரத்திடம் நேரடியாகக் கேட்கக்கூடியவை இன்று மூன்று. முதலாவது, 2003 இல் தொடங்கப்பட்ட ஸ்டார்ட்லோன் என்னும் தொடக்கக் கடன். பணம் ஹூஸ்பாங்கனுடையது, தீர்மானிப்பது உள்ளூராட்சி. வங்கிகள் கேட்கும் சொந்த முதலீடு 2024 இறுதியில் 15 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோதிலும், அதுவும் கைக்கெட்டாத குடும்பங்களுக்கு இதுவே வழி. ஆயினும் 2014 முதல், நீண்டகாலமாக வங்கிக் கடன் பெற இயலாதவர்களுக்கே முன்னுரிமை. எனவே நிரந்தர வேலையில் இருக்கும் இளம் தம்பதியர் பலர் இதிலிருந்து விலக்கப்படுகின்றனர். இரண்டாவது, குறைந்த வருமானத்தோருக்கான வீட்டு உதவிப்பணம். இது மாதந்தோறும் கணிக்கப்படுகிறது.

மூன்றாவதுதான் லண்டன் உறவினர் சொல்லும் கவுன்சில் வீட்டுக்கு நிகரானது. நோர்வேயின் மொத்த வீடுகளில் இத்தகையவை ஏறத்தாழ 4 சதவீதமே. ஒஸ்லோவில் விண்ணப்பம் அந்தந்த நகரப் பிரிவிடம் செய்யப்படுகிறது. ரொம்சோஸ்வாசிகளுக்கு, 2004 முதல், அது குரூரூட் நகரப் பிரிவு. விண்ணப்பிப்பவர் பொதுவாகக் கடந்த இரண்டு ஆண்டுகள் ஒஸ்லோவில் வாழ்ந்திருக்க வேண்டும், தானாக வீடு தேடிக்கொள்ள இயலாத நிலையையும் காட்ட வேண்டும். வாடகை சந்தை நிலையை ஒட்டியது. ஒப்பந்தமோ சில ஆண்டுகளுக்கே. காலம் முடியும்போது வருமானம் உயர்ந்திருந்தால் அது நீடிக்கப்படாமல் போகலாம். கூடுதல் நேரம் வேலை செய்து முன்னேற முயலும் குடும்பத்துக்கு இந்த விதி தரும் செய்தி விசித்திரமானது.

2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், வீட்டுச் சந்தையில் நலிந்தவர்களுக்கு உதவும் பொறுப்பை உள்ளூராட்சிகளிடம் தெளிவாக ஒப்படைத்துள்ளது. நிரந்தர வீடு பெறும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும், முடிவு கிடைத்த நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.