அயல்மொழிகள் காட்டிய தாய்மொழி

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் வழியில் கொரிய, சப்பானிய, செருமானிய நிறுவனங்களின் ஆலைகள் நிற்கின்றன. அங்குப் பணிபுரியும் நம் இளைஞருள் சிலர் பிழைப்பின் பொருட்டு அம்மொழிகளைப் பயில்கின்றனர். அயல்மொழி பல கற்றால் தாய்மொழி தேயுமோ என்னும் ஐயம் நம்மிடையே எழுவதுண்டு. தனிநாயகம் அடிகளாரின் வாழ்க்கை அதற்கு விடை தருகிறது.

அடிகளார் 1913 ஆகஸ்டு 2ஆம் நாள் யாழ்ப்பாணத்தை அடுத்த கரம்பனில் பிறந்தார். பயின்றது ஆங்கிலக் கல்வி. அதில் தமிழுக்கு வாய்த்த இடம் சிறிது. 1934இல் குருத்துவக் கல்விக்காக உரோமை சென்றார். வகுப்பறையில் இலத்தீன் ஒலித்தது. வீதியில் இத்தாலியம் ஒலித்தது. உடன்பயின்றோரோ பல நாட்டவர். அம்மாணவப் பருவம் அவரைப் பன்மொழியாளர் ஆக்கியது. பிரெஞ்சு, செருமானியம், இசுபானியம், போர்த்துக்கேயம் ஆகியனவும் அவர்தம் வாழ்நாள் பணிக்குத் துணைநின்றன.

1938இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், 1940இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திற்கு ஆசிரியராக வந்தார். ஐரோப்பிய இலக்கியங்களில் தோய்ந்தவருக்குச் சங்க இலக்கியம் திறவாக் கதவாக இருந்தது. அக்குறையை அவர் மறைக்கவில்லை. ஆசிரியராய் இருந்துகொண்டே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராய் அமர்ந்தார். பின்னர் 1945 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் பயின்று முதுகலை, இலக்கிய முதுவர் பட்டங்கள் பெற்றார்.

முன்பு கற்ற மொழிகள் அப்போதுதான் முழுப்பயன் தந்தன. சங்கப் பாடல்களின் இயற்கையைக் கிரேக்க, இலத்தீன் கவிஞர்தம் இயற்கையோடு ஒப்புநோக்கினார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1554இல் லிசுபனில், தமிழை உரோம எழுத்தில் அமைத்து அச்சிட்ட சிறுநூலை அந்நகரிலேயே கண்டு அறிஞர் உலகுக்கு அறிவித்தார். 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை வத்திக்கான் நூலகப் படியிலிருந்து 1966இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தார். அயல்மொழி அறியாதார்க்கு அந்நூலகங்களின் கதவு திறந்திருக்குமா?

1964இல் புதுதில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடவும் அவரே முன்னின்றார். 1980 செப்டம்பர் முதல் நாள் மறைந்தார்.

அயல்மொழிகள் அவரைத் தமிழிலிருந்து பிரிக்கவில்லை. எனினும், அவை தாமாகவே அவரிடம் தமிழைக் கொண்டுவந்து சேர்க்கவுமில்லை. இருபத்தேழு வயதில் தாய்மொழிக்கு மீண்டும் மாணவனாகும் பணிவே அவரைத் தமிழுக்கு உரியவராக்கியது. ஆலைப் பணி முடித்துக் கொரிய எழுத்தைக் கூட்டிப் படிக்கும் இளைஞனைக் கண்டு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. அவன் தமிழ் நாடி வரும் நாளில், உடனமர்ந்து ஓதுவிக்க ஓர் ஆசிரியர் இங்கு இருத்தல் வேண்டும். அவ்விருக்கையைக் காப்பதே பத்தாண்டு கண்ட நம் வட்டத்தின் கடன்.