பேசும் இயந்திரத்துக்கு மூக்கு வைத்தவர்

மூக்கை இரு விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ‘அம்மா’ என்று சொல்லிப் பாருங்கள். உதடுகள் மூடும், ஆனால் ‘ம்’ ஒலியை நீட்ட முடியாது. காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே முட்டி நிற்கும். கடும் தடிமன் பிடித்த நாட்களில் நம் பேச்சு மாறிப்போவதற்கும் இதுவே காரணம்.

வாயால் பேசுகிறோம் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் குழந்தை முதலில் பழகும் ஒலிகளில் ஒன்றான ‘ம்’ மூக்கு வழியாகவே வெளிவருகிறது. இதைப் புரிந்துகொண்டு, பேசும் இயந்திரம் ஒன்றுக்கு இரண்டு மூக்குத் துளைகளைப் பொருத்தியவர் வூல்ஃப்காங் வொன் கெம்பெலென். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது இதற்காக அல்ல, ஒரு மோசடிக்காக.

அரச பணியாளரின் வேடிக்கை

கெம்பெலென் 1734ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் திகதி, அன்றைய ஹங்கேரி இராச்சியத்தின் பிரெஸ்பேர்க் நகரில் பிறந்தார். இன்று அது ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவா. சட்டமும் தத்துவமும் படித்த அவர், பேரரசி மரியா தெரேசாவின் சட்டத் தொகுப்பை லத்தீனிலிருந்து ஜேர்மன் மொழிக்குப் பெயர்த்ததன் மூலம் அரசவையின் கவனத்தைப் பெற்றார். பின்னர் உப்புச் சுரங்க நிர்வாகம், குடியேற்ற வேலைகள், நீர் இயந்திரங்கள் எனப் பல பொறுப்புகள் அவரிடம் வந்தன. பார்வையற்ற இசைக் கலைஞர் ஒருவருக்காக எழுதும் கருவி ஒன்றையும் செய்து கொடுத்தார்.

1769இல் பேரரசியை வியக்கவைப்பதற்காக அவர் ஒரு பொம்மையைச் செய்யத் தொடங்கினார். துருக்கிய உடையணிந்த அந்த மர உருவம், ஒரு பெட்டியின் பின்னால் அமர்ந்து மனிதருடன் சதுரங்கம் ஆடியது. 1770இல் அது அரசவையில் அரங்கேறியது. பார்வையாளருக்குப் பெட்டியின் கதவுகளைத் திறந்து பற்சக்கரங்களைக் காட்டுவார்கள். உண்மையில் அந்தப் பெட்டிக்குள் தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒளிந்திருந்தார். காய்களை நகர்த்தியது அவர்தான்.

கெம்பெலென் அதைப் பெரிய சாதனையாகக் கருதவில்லை. ஒரு கட்டத்தில் கழற்றியும் வைத்துவிட்டார். ஆனால் பேரரசர் இரண்டாம் ஜோசப்பின் விருப்பப்படி அதை மீண்டும் பூட்டி, 1783இல் ஐரோப்பியப் பயணம் புறப்பட வேண்டியதாயிற்று. பாரிஸிலும் லண்டனிலும் கூட்டம் அலைமோதியது. அதே பயணத்தில் இன்னொரு இயந்திரத்தையும் அவர் கொண்டு சென்றார். அதற்குள் யாரும் ஒளிந்திருக்கவில்லை.

துருத்தியும் இறப்பர் வாயும்

சதுரங்கப் பொம்மையைச் செய்த அதே 1769இல்தான் பேச்சு பற்றிய ஆய்வையும் கெம்பெலென் தொடங்கினார். பொம்மை சில மாதங்களில் முடிந்தது. பேசும் இயந்திரம் அவருடைய வாழ்வில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டது.

முதல் முயற்சியில் அடுப்பூதும் துருத்தி ஒன்றையும், பைக்குழலின் நாக்கையும், ஊதுகுழல் ஒன்றின் வாய்ப்பகுதியையும் இணைத்தார். அதில் சில உயிரொலிகள் கிடைத்தன. பிறகு ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனிக் குழாய் வைத்துப் பார்த்தார். ஒலிகள் வந்தன, சொல் வரவில்லை. ஓர் ஒலி அடுத்த ஒலியுடன் ஒட்டாமல் துண்டு துண்டாக நின்றது. மனிதருக்கு ஒரே தொண்டையும் ஒரே வாயும்தான் இருக்கின்றன என்பதை அவர் உணர்ந்த இடம் இது. பேச்சு என்பது ஒலிகளை வரிசையாக அடுக்குவதல்ல, ஒரே வழியின் வடிவத்தை இடைவிடாமல் மாற்றுவது.

இறுதியாக உருவான இயந்திரத்தில் துருத்தி நுரையீரலாகவும், மெல்லிய தந்தத் தகடு குரல்வளையாகவும், இறப்பர் புனல் வாயாகவும் வேலை செய்தன. இயக்குபவர் வலது முழங்கையால் துருத்தியை அமுக்கி, இடது உள்ளங்கையால் புனலை மூடியும் திறந்தும் ஒலிகளை மாற்றுவார். ‘ஸ்’, ‘ஷ்’, ‘ர்’ ஆகியவற்றுக்குத் தனி நெம்புகோல்கள் இருந்தன. இவற்றுடன் காற்றறையிலிருந்து வெளியே நீட்டிய இரண்டு சிறு குழாய்களும் இருந்தன. அவைதான் மூக்கு.

மற்ற நேரங்களில் அந்தத் துளைகளை விரல்களால் பொத்தி வைக்க வேண்டும். வாயை மூடி, துளைகளைத் திறந்தால் ‘ம்’ கேட்கும். நம் உடலில் இந்த விரல்களின் வேலையைச் செய்வது அண்ணத்தின் பின்புறமுள்ள மென்மையான தசைப்பகுதி. அது மேலெழுந்தால் மூக்கின் வழி அடைபடும், இறங்கினால் திறக்கும். ‘ப’வும் ‘ம’வும் ஒரே உதடுகளில் பிறந்தும் வேறுபடுவதற்கு இந்தச் சிறு கதவே முக்கிய காரணம்.

இயந்திரம் குழந்தைக் குரலில் மாமா, பாப்பா போன்ற சொற்களையும், லத்தீன், பிரெஞ்சு மொழிகளில் சில சிறு தொடர்களையும் பேசியது. ஆனால் அதற்கு நாக்கு இல்லை, பற்களும் இல்லை. ‘ம்’, ‘ன்’ இரண்டையுமே அதே மூக்குத் துளைகளை வைத்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

நாக்கு இல்லாத மூக்கு

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது தமிழருக்கு எளிதில் விளங்கும். நம் மெல்லினத்தில் ஆறு எழுத்துகள் உள்ளன. ஆறிலும் காற்று மூக்கு வழியாகவே போகிறது. வாய் எந்த இடத்தில் அடைபடுகிறது என்பதே அவற்றைப் பிரிக்கிறது. ‘ம’வுக்கு உதடுகள், ‘ந’வுக்குப் பல், ‘ன’வுக்குப் பல்லின் மேலுள்ள மேடு, ‘ண’வுக்கு வளைந்த நாநுனி, ‘ஞ’வுக்கு நடு நாக்கு, ‘ங’வுக்கு அடிநாக்கு. மெல்லின ஒலிகள் மூக்கின் காற்றால் பிறப்பதைத் தொல்காப்பியமும் சொல்கிறது.

சிங்களத்தில் மூக்கொலியின் நீளமே பொருளை மாற்றும். ‘கந்த’ என்பதில் மூக்கொலியை முழுமையாக ஒலித்தால் மலை, அதையே மிகக் குறுக்கி ஒலித்தால் மரத்தின் அடி. பர்மிய மொழியில் குரல் அதிராமல் மூச்சாக வெளிவரும் மூக்கொலிகளும் உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் லஷூட்சீட், மக்கா போன்ற சில மொழிகள், வழக்கமான பேச்சில் மூக்கொலிகளே இல்லாதவை.

திறந்து வைத்த இரகசியம்

1791இல் கெம்பெலென் தம் ஆய்வை நூலாக வியன்னாவில் வெளியிட்டார். 450க்கும் அதிகமான பக்கங்களில் பேச்சுறுப்புகளின் இயக்கத்தை விளக்கியதோடு, இயந்திரத்தின் பாகங்களையும் படங்களுடன் விவரித்தார். யாரும் அதைச் செய்து பார்க்கலாம், மேம்படுத்தலாம். சதுரங்கப் பொம்மையின் இரகசியத்தையோ அவர் வெளியிடவே இல்லை. 1804 மார்ச் 26ஆம் திகதி வியன்னாவில் காலமானார்.

அதன்பின் பொம்மை கைமாறியது. 1809இல் நெப்போலியனும் அதனுடன் ஆடித் தோற்றார். பின்னர் அமெரிக்கா சென்ற அது, 1854இல் பிலடெல்பியாவில் நடந்த தீவிபத்தில் எரிந்துபோனது. நூலின் பயணம் வேறு. அதைப் பின்பற்றிச் சார்ள்ஸ் வீட்ஸ்டன் புதிய இயந்திரம் ஒன்றைச் செய்து 1835இல் டப்ளினில் காட்டினார். 1863இல் அதன் பேச்சைக் கேட்ட பதின்ம வயதுச் சிறுவன் ஒருவன், கெம்பெலெனின் நூலை இரவல் பெற்று, அண்ணனுடன் சேர்ந்து பேசும் தலை ஒன்றைச் செய்தான். அது மாமா என்று அழுததைக் கேட்டு, குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று அயலவர் தேடி வந்தார்களாம். அந்தச் சிறுவன் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். 1876இல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றவர் அவரே.

ஆனாலும் கெம்பெலெனின் பெயரோடு இன்றும் முதலில் ஒட்டிக்கொள்வது அந்தத் துருக்கியப் பொம்மைதான். கணினி செய்வதுபோலத் தோன்றும் வேலையைப் பின்னாலிருந்து மனிதர்கள் செய்துகொடுக்கும் தன் சேவைக்கு அமேசன் நிறுவனம் வைத்த பெயரும் அதனுடையதே. மறைத்து வைத்தது புகழைத் தேடிக்கொடுத்தது. திறந்து வைத்தது பிறர் கைகளில் வளர்ந்தது. இன்று கைத்தொலைபேசி நம்மோடு பேசும்போது உள்ளே துருத்தியும் இல்லை, மூக்குத் துளைகளும் இல்லை. ஆனால் பேச்சு எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அதைச் செய்யவும் முடியும் என்று, நாக்கில்லாத ஓர் இறப்பர் வாயையும் இரண்டு சிறு குழாய்களையும் வைத்துக் காட்டியவர் கெம்பெலென்.